வழக்கு முடிந்தாலும் தகப்பன் தகப்பன்தான்

17 வயதுப் பையன், 16 வயதுப் பெண், வயிற்றில் பிள்ளை. விஷயம் வெளியே வந்ததும் பையன் வீட்டில் இரண்டு பேச்சு அடிபடும். "அவனே மைனர், அவன்கிட்ட என்னத்தைக் கேக்க முடியும்?" என்பது ஒன்று. "வயசு வந்ததும் கட்டி வெச்சிடுறோம், எதுக்குக் கேஸு?" என்பது இன்னொன்று. பெண் வீட்டிலும் இரண்டு உண்டு. "அவனை உள்ள தள்ளினாத்தான் மனசு ஆறும்" என்பார் அப்பா. "ஒரு தொகையை வாங்கிட்டு அத்தோட விட்ருவோம், பொண்ணு பேரு கெடுது" என்பார் தாய்மாமன். நாலு பேர் நாலு விதமாகப் பேசினாலும், பிறக்கப்போகிற குழந்தைக்குப் பால் வாங்கப் போவது யார் என்ற கேள்வியை யாரும் எடுப்பதில்லை.

சட்டம் இதை இரண்டு கணக்காக வைத்திருக்கிறது. குற்ற வழக்கு ஒரு கணக்கு, தகப்பன் பொறுப்பு வேறு கணக்கு. ஒன்றில் கட்டியதை மற்றொன்றில் கழிக்க முடியாது. தண்டனை அனுபவித்து வெளியே வந்தவனுக்கும் குழந்தையைப் பராமரிக்கும் கடமை இருக்கிறது. சாட்சி போதவில்லை என்று விடுதலையானவனுக்கும், குழந்தை அவனுடையது என்று நிரூபணமானால், அதே கடமைதான். மாசாமாசம் பணம் கொடுப்பதால் போக்சோ வழக்கு கரைந்துபோவதில்லை. இரண்டு குடும்பங்களும் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் வழக்கைப் பார்த்துவிடுவோம். பல சமயம் அதை ஆரம்பித்துவைப்பது பெண் வீட்டார் அல்ல, ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் பதியும்போது வயது கேட்பார், ஆதார் கேட்பார், கணவர் பெயர் கேட்பார். வயது 18க்குக் கீழே என்று தெரிந்த பிறகு காவல்துறைக்குச் சொல்லாமல் இருக்க அவருக்கோ டாக்டருக்கோ வழியில்லை. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு தகவல் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது; சொல்லாமல் மறைத்தால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. "நர்சம்மா காட்டிக் கொடுத்துட்டாங்க" என்று அவரிடம் சண்டைக்குப் போவதில் அர்த்தமில்லை.

இந்தப் பயத்தால் பெண்ணை எங்காவது மறைவான இடத்துக்குக் கூட்டிப்போய்க் கருவைக் கலைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் உயிரே போகலாம். மைனர் பெண்ணுக்கு 24 வாரம் வரை, இரண்டு டாக்டர்களின் கருத்தோடு, முறையான ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு செய்யச் சட்டம் இடம் தருகிறது. பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இது தெரிந்திருந்தாலே பல வீடுகள் நேர்வழியில் போகும்.

இனி பையன். அவனுடைய வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சம்பவத்தன்று 18 நிரம்பாதவன் என்றால் அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்தப்படுவான். போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ அவனை வைக்கக் கூடாது. கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் அனுப்பலாம். அவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. 16 நிரம்பாதவனை அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். 16 நிரம்பி 18 நிரம்பாதவன் விஷயத்தில் மட்டும் கொடுங்குற்றம் என்றால் குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும். பெண் இசைந்துதான் வந்தாள் என்ற வாதம் எங்கும் எடுபடாது. 18க்குக் கீழே சம்மதம் என்று ஒன்று போக்சோவில் கிடையாது.

18 நிரம்பிய மறுநாளே காட்சி தலைகீழாக மாறிவிடுகிறது. பெண் கர்ப்பமானால் அது போக்சோ 5-வது பிரிவில் வரும் கடுமையாக்கப்பட்ட குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க விசாரணை நீதிபதிக்கும் அதிகாரமில்லை. 19 வயதுப் பையனுக்கு 20 ஆண்டு என்றால் அவன் வாழ்ந்த காலத்தைவிட அதிகம். இளவயதுக் காதலர்களை இப்படி நசுக்குவது சட்டத்தின் நோக்கமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் சொன்னது. 2021-ல் ஒரு வழக்கை ரத்தும் செய்தது. சம்மத வயதைக் குறைக்க வேண்டாம் என்று 2023-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. எனக்கு இதில் நீதிமன்றம் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் என் கருத்தோ உங்கள் கருத்தோ ஸ்டேஷனில் செல்லாது. அங்கே இருப்பது இன்றைய சட்டம்.

வயது எப்படி நிரூபணமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிச் சான்றிதழோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோதான் முதல் ஆதாரம். அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போட்டு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வைத்த பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டிப்போட்ட சில மாதங்கள் ஒரு பையனைக் கூர்நோக்கு இல்லத்திலிருந்து மத்திய சிறைக்கு மாற்றிவிடலாம். அப்படி இருந்தால் அசல் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்து முதல் நாளே வக்கீலிடம் கொடுங்கள்.

"கட்டி வெச்சிடுறோம்" என்ற பேச்சுக்கு வருவோம். ஆணுக்குத் திருமண வயது 21. அதாவது 18 ஆனவன் சிறைக்குப் போகும் அளவுக்குப் பெரியவன், தாலி கட்டும் அளவுக்குப் பெரியவன் இல்லை. இந்த மூன்று ஆண்டு இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் பையன்கள் ஏராளம். மைனர் பெண்ணை மணந்தாலும் வழக்கு போகாது. மனைவியே ஆனாலும் 18 நிரம்பாதவளோடு உறவு கொள்வது குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே முடித்துவிட்டது. கல்யாணத்தை நடத்திவைத்த பெற்றோருக்கும் முன்னால் நின்ற பெரியவர்களுக்கும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 தனியாக 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருவரின் 10 ஆண்டு தண்டனையை ரத்து செய்தது உண்மை. அவர் அந்தப் பெண்ணையே மணந்து இரண்டு குழந்தைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். இதைச் சொல்லி நம்பிக்கை ஊட்டுபவர்கள் அந்தத் தீர்ப்பின் மிச்ச வரிகளையும் படிக்க வேண்டும். அதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் எழுதியிருக்கிறது. அவர் மனைவியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் உத்தரவை மாற்றக் கேட்டு நீதிமன்றத்துக்கு வரலாம் என்றும் எழுதியிருக்கிறது. விடுவித்த தீர்ப்பிலேயே பராமரிப்பு ஒரு கடிவாளமாக இருக்கிறது.

குழந்தைத் திருமணம் நடந்தே விட்டதென்றால் அந்த 2006 சட்டத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் உதவுகிற மூன்று பிரிவுகள் இருக்கின்றன. இவற்றை அறிந்தவர்கள் குறைவு. பெண் தனக்கு 20 வயது நிரம்புவதற்குள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ரத்தானாலும், அதில் பிறந்த குழந்தை எல்லா வகையிலும் சட்டப்படியான குழந்தை. இது 6-வது பிரிவு. ரத்து செய்யும்போது, பெண் மறுமணம் செய்யும் வரை அவளுக்குப் பராமரிப்புத் தொகை கொடுக்க மாவட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம். கணவன் மைனராக இருந்தால் அந்தத் தொகையை அவனுடைய அப்பா அம்மாதான் கட்ட வேண்டும். இது 4-வது பிரிவு. குழந்தைக்கான தொகையையும் பையனின் பெற்றோர்மேல் சுமத்த 5-வது பிரிவு இடம் தருகிறது. "அவன் மைனர், ஒண்ணும் கேக்க முடியாது" என்று சொன்ன அதே வீட்டு வாசலுக்கு நோட்டீஸ் வரும்.

திருமணமே இல்லாமல் பிறந்த குழந்தையின் கதை வேறு. அங்கே பாட்டி தாத்தாவைக் கட்டச் சொல்ல இந்தப் பிரிவுகள் பயன்படாது. பொறுப்பு நேராகத் தகப்பன்மேல் விழுகிறது. எனவே முதலில் அவன்தான் தகப்பன் என்று காட்டியாக வேண்டும்.

சட்டப்படியான திருமணத்துக்குள் பிறந்த குழந்தை கணவனுடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 116-வது பிரிவாக இருக்கிறது. திருமணம் இல்லாத இடத்தில் அந்த அனுமானம் உதவிக்கு வராது. தாய்தான் நிரூபிக்க வேண்டும். போக்சோ வழக்கு ஓடிக்கொண்டிருந்தால் பையனின் ரத்த மாதிரியையும் குழந்தையின் மாதிரியையும் எடுத்து டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜீவனாம்ச மனுவில் அதைவிட வலுவான காகிதம் கிடையாது. குற்ற வழக்கு இல்லாவிட்டால் நீதிமன்றத்திடம் பரிசோதனை கேட்கலாம். கேட்டவுடன் கிடைத்துவிடாது, முகாந்திரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். உத்தரவிட்ட பிறகும் பையன் ரத்தம் கொடுக்க மறுத்தால், கொடுத்திருந்தால் முடிவு அவனுக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ, ஆஸ்பத்திரிப் பதிவில் அவன் போட்ட கையெழுத்து எல்லாமே சாட்சியம்தான். போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

இது பையனுக்கும் பாதுகாப்பு. தன்னுடைய குழந்தை இல்லை என்று நம்புகிறவன் ஊரைவிட்டு ஓடுவதைவிட, பரிசோதனை வேண்டும் என்று அவனே மனு போடுவது நல்லது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், திருமணத்துக்குள் பிறந்த குழந்தையானாலும் டி.என்.ஏ. அறிக்கை மறுக்கும்போது அறிவியலின் பக்கமே நின்று, அந்தக் கணவனைக் குழந்தைக்கான பராமரிப்புத் தொகையிலிருந்து விடுவித்தது. வீட்டார் மிரட்டினார்கள் என்பதற்காக ஆஸ்பத்திரியிலோ பஞ்சாயத்திலோ "நான்தான் அப்பா" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு மறுப்பது கடினம்.

பணம் கேட்கும் இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று எல்லோரும் அறிந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. போதிய வசதி இருந்தும் எந்த ஒரு நபர் தன் குழந்தையைப் பராமரிக்க மறுக்கிறாரோ, அவர் மாதாமாதம் தொகை கொடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குழந்தை திருமணத்தில் பிறந்ததா, வெளியே பிறந்ததா என்ற பாகுபாடு கிடையாது. மதமும் பார்ப்பதில்லை. இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவும் இதையே சொல்கிறது.

சட்டத்தில் "எந்த ஒரு நபர்" என்றுதான் இருக்கிறது, 18 நிரம்பியவர் என்று இல்லை. ஆனால் "போதிய வசதி" என்றும் இருக்கிறதே. பிளஸ் ஒன் படிக்கிற பையனிடம் மாசம் ஐயாயிரம் கொடு என்று எந்த மாஜிஸ்திரேட்டும் சொல்லப் போவதில்லை. படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போ என்று அவனை விரட்டுவதும் சட்டத்தின் வேலையில்லை. 18 தாண்டிவிட்டால் அந்தச் சலுகை தேயத் தொடங்கும். உடல் நலமாக இருப்பவன் கூலி வேலை செய்தாவது மனைவியையும் மைனர் பிள்ளையையும் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஜீவனாம்ச வழக்கில் சொன்னது. மொபைல் கடையில் பத்தாயிரம் வாங்குகிறவனும், கட்டட வேலைக்குக் கையாளாகப் போகிறவனும் "எனக்கு வருமானம் இல்லை" என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துத் தப்பிக்க முடியாது. இரு தரப்பும் வருமானம், கடன், வங்கிக் கணக்கு, செலவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கட்டாயமாக்கியிருக்கிறது.

அதே தீர்ப்பில் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பராமரிப்புத் தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். குழந்தை பிறந்த தேதியிலிருந்து அல்ல, தீர்ப்பு வந்த தேதியிலிருந்தும் அல்ல. "அவன் ஐ.டி.ஐ. முடிச்சு வேலைக்குப் போகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று 3 ஆண்டு காத்திருந்தால் அந்த 3 ஆண்டுத் தொகை காற்றோடு போய்விடும். இப்போது சொற்பத் தொகைக்கு உத்தரவு வாங்கினாலும், பின்னால் அவன் சம்பாதிக்கும்போது உயர்த்தக் கேட்கலாம்.

பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில், "இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கும் என் குழந்தைக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று பெண்ணின் அப்பா கையெழுத்துப் போடுவார். நாலு பேர் சாட்சிக் கையெழுத்து. பையன் வீட்டார் அதை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்தத் தாளால் போக்சோ வழக்கு நிற்காது, அது சமாதானம் பேசி முடிக்கக்கூடிய வழக்கே அல்ல. குழந்தையின் பராமரிப்பு உரிமையையும் அது கட்டுப்படுத்தாது, ஏனென்றால் அந்த உரிமை குழந்தையுடையது. தாயோ தாத்தாவோ அதை விட்டுக் கொடுக்க முடியாது. கொடுத்த பணம் தொகையை நிர்ணயிக்கும்போது கணக்கில் வரலாம், அவ்வளவுதான். அரசு கொடுக்கும் போக்சோ நிவாரணத் தொகையும் அப்படித்தான். அது பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அரசு தருவது, அதைக் காட்டித் தகப்பன் தன் பங்கைத் தள்ளிவிட முடியாது.

பையனே பாதிக்கப்பட்டவனாக இருக்கும் வழக்குகளும் உண்டு. போக்சோ ஆண் பெண் பார்ப்பதில்லை. 16 வயதுப் பையனோடு உறவு கொண்ட 25 வயதுப் பெண்தான் அங்கே குற்றவாளி. வெட்கத்தால் பெரும்பாலான வீடுகள் இதைப் புகாராகவே கொடுப்பதில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த, வயதில் மூத்த பெண்ணின் குழந்தைக்குத் தகப்பனானான். குற்றத்துக்கு ஆளானவன் அவன்தான் என்றாலும் குழந்தைக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்று 1993-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறு யாருடையதானாலும் குழந்தையின் வயிறு காத்திராது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது கொடுமையாகவே தோன்றுகிறது. அதே நிலையில் உள்ள பையன் இங்கே இருந்தால், அவன் வீட்டார் முதலில் செய்ய வேண்டியது போக்சோ புகார். யாராவது பணம் கேட்டு மிரட்டும்போது அந்தப் புகார்தான் அவனுக்குக் கேடயம்.

பிறப்புச் சான்றிதழுக்குத் தகப்பன் பெயர் இல்லாவிட்டாலும் தடையில்லை. திருமணமாகாத தாய் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்துச் சட்டப்படி திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதல் பாதுகாவலர் தாய், அவருக்குப் பிறகே தகப்பன். தாயே மைனராக இருந்தாலும் தன் குழந்தைக்கு அவள் பாதுகாவலராக இருக்கலாம். குழந்தையின் சொத்தை நிர்வகிக்க மட்டும் முடியாது. பணம் கட்டுவதால் பையனுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை வந்துவிடாது. பார்க்க வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் முறையாகக் கேட்க வேண்டும். வளர்க்கவே முடியாது என்ற நிலையில் தாய் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம்; மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ ஒரு "நல்ல குடும்பம்" கேட்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள், அது குழந்தை விற்பனை வழக்காக மாறும்.

மனுவைத் தாய் தான் வசிக்கும் ஊரிலேயே போடலாமா என்பதை வக்கீலிடம் முதலில் கேளுங்கள். பையனும் அவளும் சேர்ந்து வசித்ததே இல்லையென்றால் அவன் இருக்கும் இடத்து நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வரலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். இடைக்காலத் தொகை கேட்டுத் தனி மனு சேர்த்தே போடுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடுமானவரை அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். பெண்ணுக்கும், குழந்தைக்கும், கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையனுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டியது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. போன் எண் 15100. குழந்தை சம்பந்தப்பட்ட அவசரத்துக்கு 1098.

உத்தரவு வந்த பிறகும் கட்டாமல் இருந்தால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறையில் இருந்ததால் பாக்கி தள்ளுபடியாகாது. ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பணத்தை இழந்தவர்கள் நிறைய. கட்டுகிற பையன் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் தாயின் வங்கிக் கணக்கில் போட்டு, அந்த ரசீதுகளை வைத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு வேலை போனாலோ, அடிபட்டுப் படுத்தாலோ, கட்டாமல் ஒளிந்துகொள்ளாமல் அதே சன்ஹிதாவின் 146-வது பிரிவில் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். அவன் சம்பளம் உயர்ந்தால், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வருடம் வந்தால், கூட்டிக் கேட்கத் தாய்க்கும் அதே பிரிவுதான்.